எஃகுக் குழாயும் பித்தளைப் பற்றும்

தமக்கேற்ற மிதிவண்டிச் சட்டகத்தை, அதாவது பிரேமை, தம் கையாலேயே செய்யக் கற்பவர் முதலில் அறிய வேண்டியது எஃகுக் குழாயின் இயல்பையே. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் மற்றொருவருடன் சேர்ந்து 1897-இல் காப்புரிமை பெற்ற முறையின்படி, குழாயின் சுவர் இணைப்பு விழும் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைவதால், வலிமை குன்றாமலே எடை குறைகிறது; 1935-இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட, மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் குழாய் பல பத்தாண்டுகள் பந்தய மிதிவண்டிகளில் கோலோச்சியது.

இத்தகைய மெல்லிய குழாய்களை இணைக்கத் தொடக்கநிலையினர் பெரும்பாலும் கற்பது ‘பிரேசிங்’ முறையாகும். இதில் எஃகை உருக்காமல் செஞ்சூடாக்கி, இணைப்பின் இடுக்கில் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி ஓடவிடுகின்றனர். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வேண்டியிருக்க, பித்தளைக் கம்பிக்கு ஏறத்தாழ 900 பாகையும், வெள்ளிக் கலவைகள் பலவற்றுக்கு 700 பாகைக்கும் குறைவான சூடும் போதுமென்பதால், குழாய் உருகிச் சிதையும் அச்சம் குறைவு. ஆயினும், சூட்டில் உலோகத்தின்மேல் ஆக்சைடு படியாமல் காக்கும் ‘ஃபிளக்ஸ்’ என்னும் பசை கருகிப்போனால் பற்று ஒட்டாது.

கற்பவரின் பொழுதைப் பெரிதும் விழுங்குவது, பலர் எண்ணுவதுபோல் நெருப்பன்று, அரமே. ஒரு குழாயின் வாய் மற்றதன் வளைவில் ஒளியும் புகாதபடி பொருந்தும்வரை அராவிக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளி அகன்றுவிட்டால், உருகிய வெள்ளிக் கலவை நுண்புழை ஈர்ப்பால் இடுக்கெங்கும் பரவாது.