பல்லைக் கரைக்கும் பானங்கள்

குளிர்பானத்திலுள்ள சர்க்கரை பல்லைச் சொத்தையாக்கும் என்பதை நாம் அறிவோம். அதிலுள்ள அமிலம் பல்லையே கரைக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.

பல்லை மூடியுள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். ஆயினும், வாயில் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். இவ்வளவு குறையக் குறைய அமிலம் மிகும். கோலா பானங்களில் இது சுமார் 2.5 தான். சர்க்கரையற்ற பானங்களும் இதற்கு விலக்கல்ல. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இளகிய எனாமலை மெல்ல இறுகச் செய்யும். ஆனால் தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளராது.

ஆதலால், குளிர்பானம் அருந்துவோர் நெடுநேரம் சிறுகச் சிறுகப் பருகலாகாது. உணவோடு அருந்தி முடித்து, நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். உடனே பல் துலக்காமல் ஒரு மணி நேரம் பொறுத்தல் நலம். கரியும் செங்கற்பொடியும் இளகிய எனாமலை அராவிவிடும். அவற்றை அறவே விலக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் வழிகாட்டலாம். கிராம சபைக் கூட்டத்திலும் பள்ளி விழாவிலும் குடிநீரும் மோரும் வழங்குவோமாக. மோர் புளிப்பாயினும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து எனாமல் கரையாமல் காக்கும். குழந்தைகளின் பற்கள் பிழைக்கும். கறவை மாடு வளர்க்கும் உழவருக்கும் பயன் உண்டு.