பூட்டும் பழைய ஹாக்ஸா பிளேடும்

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பது மும்பைவாசிகளுக்குப் புதிதல்ல. தெருமுனையில் சாவிகளைத் தோரணம் போல் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் சாவிவாலாவை அழைத்து வருகிறோம். அவர் பையிலிருந்து வளைந்த கம்பி இரண்டை எடுத்துத் துவாரத்தில் விட்டு, காது குடைவது போலக் குடைகிறார். சில நிமிடங்களில் கதவு திறக்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போகிறோம். இத்தனை சுலபமாகத் திறந்த பூட்டை நம்பித்தானே மாதக் கணக்கில் ஊருக்குப் போய் வருகிறோம் என்ற யோசனை அப்போது வருவதில்லை.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய பூட்டுகளைப் பிரித்துப் பார்ப்பதும், வீட்டில் கழித்துப் போட்ட பொருள்களிலிருந்து திறப்புக் கம்பிகள் செய்து அவற்றைச் சோதிப்பதும் என் பொழுதுபோக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. திருட்டுக்கு வழி சொல்வது நோக்கமல்ல. நம் வாசலில் தொங்கும் பூட்டின் தரத்தை நாமே எடை போடத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் மூன்று வகைப் பூட்டுகள் உண்டு. முதலாவது, டிரங்குப் பெட்டிகளில் பார்க்கும் எளிய பூட்டு. உள்ளே சில தடுப்புத் தகடுகள் இருக்கும். அவற்றில் இடிக்காமல் சுற்றி வரும் எந்தச் சாவியும் அதைத் திறந்துவிடும்.

இரண்டாவது, நெம்புத் தகடுகள் கொண்ட லீவர் பூட்டு. திண்டுக்கல்லும் அலிகாரும் பெயர் பெற்றது இதில்தான். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து, ஆறு, ஏழு தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காடி வெட்டியிருக்கும். சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது காடிகள் எல்லாம் ஒரே வரிசையில் வரும். அப்போதுதான் தாழ் நகரும்.

மூன்றாவது, ஃபிளாட் கதவுகளில் உள்ள சிலிண்டர் பூட்டு. இதன் அடிப்படைத் தத்துவம் பழங்கால எகிப்தின் மரப் பூட்டுகளிலேயே இருந்தது. இன்றைய வடிவத்தை அமெரிக்காவின் லைனஸ் யேல் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்று நிலைநிறுத்தினார். ஓர் உருளைக்குள் இன்னோர் உருளை. இரண்டையும் துளைத்துக்கொண்டு ஐந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஒரு சிறு ஊசி, மேலே ஒரு ஊசி, அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் ஊசிகள் இரு உருளைகளுக்கும் குறுக்கே நின்று உள் உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். சரியான சாவியை நுழைத்தால் மேல் ஊசியும் கீழ் ஊசியும் சந்திக்கும் இடம், ஐந்து குழிகளிலும், உள் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். உருளை சுழலும்.

ஒரு லட்சம் ஐம்பது ஆகும் கணக்கு

ஓர் ஊசிக்குப் பத்து உயரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஊசிகளுக்கு 1,00,000 விதமான சாவிகள் சாத்தியம். இதைக் கேட்டால் பூட்டு பத்திரம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு ஐந்து குழிகளும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் இருந்தால்தான் செல்லும். எந்தத் தொழிற்சாலையிலும் அப்படித் துளைக்க முடியாது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்காவது முன்பின் இருக்கும். உருளைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளியும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுழலவே சுழலாது.

உள் உருளையை லேசாகத் திருப்பி அழுத்தினால், கோட்டிலிருந்து அதிகம் விலகிய குழியின் ஊசி மட்டும் முதலில் இறுகும். மற்றவை தளர்வாகவே இருக்கும். இறுகிய ஊசியை மெல்லத் தூக்கினால், சரியான உயரத்தில் உருளை இம்மியளவு திரும்பும். மேல் ஊசி விளிம்பின் மீது உட்கார்ந்துவிடும், திரும்பக் கீழே வராது. பிறகு அடுத்த ஊசி இறுகும். இப்படி ஒவ்வொன்றாக முடித்தால் பத்துப் பத்தாக ஐந்து முறை, அதிகபட்சம் ஐம்பது முயற்சிகள்தான். லட்சம் ஐம்பதாகக் குறைந்ததற்குக் காரணம் சாவிவாலாவின் மந்திரமல்ல, பூட்டிலுள்ள இடைவெளி.

ரயில்வேயில் இதையே வேறு விதமாகப் பார்ப்போம். ரயில் தடம் மாறும் பாயிண்டில், நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. கனமுள்ள சோதனைத் தகட்டை வைத்துப் பாயிண்டைத் திருப்புவோம். அது பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால் அந்தப் பூட்டு தேறவில்லை என்று அர்த்தம். எது சரியில்லையோ அதை ஏற்றுக்கொள்ளும் பூட்டு பூட்டே அல்ல. வீட்டுப் பூட்டுக்கும் இதுதான் விதி.

கம்பி செய்யும் விதம்

கம்பி மெல்லியதாக இருக்க வேண்டும், வளைந்தால் திரும்ப நிமிர வேண்டும். சினிமாவில் கதாநாயகி கொண்டை ஊசியால் பூட்டைத் திறப்பாள். நிஜத்தில் அது வளைந்துகொண்டு பல்லை இளிக்கும். பழைய ஹாக்ஸா பிளேடு நல்ல எஃகு. 12 அங்குல நீளம், அரை அங்குல அகலம், கனம் சுமார் 0.65 மி.மீ. ஒரு பிளேடில் இரண்டு கம்பிகள் வரும். மோட்டார் வண்டி வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டை இன்னும் உயர்வு. சைக்கிள் ஆரக்கம்பியின் நுனியைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கியும் செய்யலாம்.

பிளேடின் பல் பக்கத்தை முதலில் சாணைக்கல்லில் தேய்த்து எடுங்கள். நுனியிலிருந்து சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. உயரம் மட்டும் விட்டு மற்றதைத் தேயுங்கள். நுனி மட்டும் யானைத் தந்தம் போல் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். தேய்க்கும்போது சில விநாடிக்கு ஒரு முறை தண்ணீரில் நனைக்க வேண்டும். எஃகு சுமார் 230 டிகிரியில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியில் நீல நிறமும் அடையும். நீலம் கண்டால் அந்த இடத்தில் இருந்த விறைப்பு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மெல்லிய எமரி காகிதத்தால் வழவழப்பாக்கி, பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஆயிற்று. கண்ணாடி அணியாமல் சாணைக்கல் பக்கம் போகாதீர்கள்.

உருளையைத் திருப்பி அழுத்த இன்னொரு கம்பி தேவை. வைப்பர் பட்டையின் நுனியைச் சற்றுச் சூடாக்கி, ஒரு செ.மீ. அளவு செங்குத்தாக மடித்தால் போதும். புதியவர்கள் செய்யும் தவறு, இந்தக் கம்பியில் முரட்டுத்தனமாக அழுத்துவதுதான். மேஜை மேல் கிடக்கும் தபால் கார்டை ஒரு விரலால் நகர்த்தும் அழுத்தம் போதுமானது.

பயிற்சிக்குச் சோர் பஜாரிலோ பழைய இரும்புக் கடையிலோ கழித்த சிலிண்டர் பூட்டு ஒன்று வாங்குங்கள். பிரிக்கும்போது ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும். வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளவும். ஓர் ஊசியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அது கைவந்த பிறகு இரண்டு, மூன்று என்று சேருங்கள். மேல் ஊசி உடுக்கை வடிவில் நடுவே இடுங்கியிருக்கும் பூட்டு ஒன்று கிடைத்தால் நல்ல பூட்டு எது என்பது தெளிவாகும். பாதி தூக்கியதுமே இடுப்பு மாட்டிக்கொள்ளும். ஊசி உட்கார்ந்தாயிற்று என்று கை ஏமாறும். ஐந்து நிமிடம் அரை மணி ஆகும்.

சொல்லலாமா, கூடாதா?

இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி பழையது. 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், அந்நாளில் பேர் பெற்ற சப் கம்பெனிப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்தார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு அரை நூற்றாண்டுக்கு மேல் கடை ஜன்னலில் இருந்த பிராமா பூட்டையும் 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். பூட்டின் குறையை ஊரறியச் சொல்லலாமா என்று இங்கிலாந்தில் பெரிய விவாதம் நடந்தது. திருடனுக்கு முன்பே தெரிந்ததை வீட்டுக்காரரிடம் மறைப்பதில் யாருக்கு லாபம்? அதற்குப் பின் பூட்டுகள் மேம்பட்டன என்பதே பதில்.

ஆனால் இரண்டு கட்டுப்பாடுகள் அவசியம். சொந்தப் பூட்டைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. உபயோகத்தில் இருக்கும் பூட்டையும் தொட வேண்டாம், கெட்டுப்போகும். கம்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரவில் உலாவவும் வேண்டாம். வீடு உடைக்கும் கருவியைச் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் தகுந்த காரணமின்றி வைத்திருப்பது மகாராஷ்டிர போலீஸ் சட்டத்தின் 122-ஆவது பிரிவின்படி குற்றம். காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதே. இன்னொன்று: பிறர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதனால் கதவைத் திறந்து அத்துமீறி நுழைந்தாலும் அது வீடு உடைத்தல்தான் என்று 1860-ன் இந்திய தண்டனைச் சட்டமே உதாரணத்துடன் சொல்லியிருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

பூட்டு வாங்கும்போது அதே மாடலில் இரண்டை எடுத்து, ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுப் பாருங்கள். முழுதும் திறக்காவிட்டாலும் தாராளமாக அசைந்தால் வேண்டாம். சொந்தச் சாவியே உள்ளே லொட லொடவென்று ஆடினாலும் வேண்டாம். எத்தனை லீவர் என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது என்பதே முக்கியம்.

கதவை இழுத்துச் சாத்தினால் தானாக விழும் தாழை நம்பி ஊருக்குப் போகக் கூடாது. கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை நுழைத்தே அதைத் தள்ளிவிடலாம். சாவியைப் போட்டுத் திருப்பிப் பூட்ட வேண்டும்.

விலையுயர்ந்த பூட்டை வாங்கி, முக்கால் அங்குலத் திருகாணியில் நிற்கும் நாதாங்கியில் மாட்டினால் பயனில்லை. திருடன் கம்பியும் கையுமாக உட்கார்ந்து குடைய மாட்டான். கடப்பாரையால் நாதாங்கியைப் பெயர்த்துவிடுவான். கதவை ஊடுருவும் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்குங்கள்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் நம் வழக்கம் கெடுதல். தூசியோடு சேர்ந்து பிசுக்காகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரியைப் பொடி செய்து சாவியில் தடவி நான்கு முறை திருப்பினால் போதும்.

என்னிடமுள்ள பயிற்சிப் பூட்டுகளைச் சங்க நூலகத்துக்குக் கொண்டுவர இருக்கிறேன். அன்பர்கள் தங்கள் வீட்டில் கழித்துப் போட்ட பூட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். பிரித்துப் பார்ப்போம்.