சாரோயிட்: ஒரே மலையில் கிடைக்கும் ஊதாக் கல்

போன மாசம் ஆன்லைனில் ஒரு ஊதாக் கல் பதக்கம் வாங்கினேன். கூடவே வந்த அட்டையில் 'சாரோயிட், ஆப்பிரிக்கா' என்று இருந்தது. அந்த ஒரு வரிதான் உறுத்தியது. ஏன்னா, சாரோயிட் ஆப்பிரிக்காவில் கிடையாது. இதுவரை தெரிந்தவரை, உலகத்திலேயே கிழக்கு சைபீரியாவின் முருன் மலைப்பகுதியில் மட்டும்தான் அது கிடைக்கிறது.

ஏன் அங்கே மட்டும்? பொட்டாசியம் மிகுந்த, அபூர்வமான காரப் பாறைக்குழம்பு அங்கே சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஊடுருவியிருக்கிறது. பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா, நீர், ஃப்ளூரின் எல்லாம் சேர்ந்ததுதான் சாரோயிட். சுண்ணாம்புப் பாறையோடு நடந்த வேதிவினையில் உருவானதா, குழம்பின் கடைசி மிச்சத்திலிருந்தே படிகமானதா என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நம்ம பாஷையில் சொன்னா, எல்லா டிபென்டன்சியும் ஒரே மெஷினில் அமைஞ்சு போச்சு.

ஊதா நிறத்துக்குக் காரணம் சிறிதளவு மாங்கனீசு. கடினம் மோஸ் அளவில் 5 முதல் 6 வரை. செவ்வந்திக் கல்லுக்கு 7. அதனால் மோதிரத்தை விடப் பதக்கத்துக்கும் பூச்சாடிக்கும்தான் பொருத்தம்.

1978-இல் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டாலும், அணு அமைப்பு தெரியவர மேலும் 30 வருஷம் ஆனது. இழைகள் ரொம்ப மெல்லியவை. வழக்கமான எக்ஸ்ரே ஆய்வுக்கு வேண்டிய அளவில் ஒற்றைப் படிகம் கிடைக்கவில்லை. கடைசியில் எலக்ட்ரான் விளிம்பு விளைவை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் திருத்தணும். சாரா ஆற்றின் கரையில் கிடைப்பதால் இந்தப் பெயர் என்று முன்பு குறித்து வைத்திருந்தேன். ஆற்றின் பெயர்தான், ஆனால் ஆறு கல் கிடைக்கும் இடத்திலிருந்து பல பத்து கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. மயக்கும் அழகு என்ற பொருளுள்ள ரஷ்யச் சொல்லோடு இணைத்துச் சொல்பவர்களும் உண்டு.

சரி, என் பதக்கம்? ஆப்பிரிக்கா என்றதும் முதலில் சுகிலைட்டோ என்று நினைத்தேன். தென்னாப்பிரிக்க மாங்கனீசுச் சுரங்கங்களில் கிடைக்கும் ஊதாக் கல் அது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாரோயிட்டில் பட்டு நூலைச் சுழற்றி விட்ட மாதிரி இழைகள் தெரியணும். நடுவே கருமையாக ஈஜிரின், ஆரஞ்சாக டினாக்சைட் இருக்கலாம். என் கல்லில் இழையே இல்லை. உள்ளே உருண்டையாகக் காற்றுக் குமிழிகள் இருந்தன.

கண்ணாடி. திருப்பி அனுப்பிட்டேன். நீங்க வாங்கறதா இருந்தா, விலையைக் கேட்கும் முன் ஊரைக் கேளுங்க.