பலர் கூடிப் பதிப்பிக்கும் ஏடு

பழைய நூலொன்று நம் கைக்கு வந்து சேர மூன்று தொழில்கள் நிகழ்தல் வேண்டும். ஏட்டைத் தேடுதல் ஒன்று. தேடிய ஏட்டை வாசித்தல் ஒன்று. வாசித்த பாடத்தைத் திருத்தி நிலைநிறுத்துதல் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மூன்றையும் பெரும்பாலும் ஒருவரே சுமந்தனர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அதே 1887இல் உ. வே. சாமிநாதையரவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஏடுகள் செல்லுக்கும் தீக்கும் இரையாகுமுன் அச்சிலே ஏறிவிட வேண்டும் என்பதே அப்பெரியோரின் கவலை.

அச்சேறிய நூலும் அழியும் என்பதை நாம் கண்டோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு கட்டடத்துள் ஒரு பிரதியாக இருப்பது எத்துணைப் பெருஞ் செல்வமாயினும் ஓரிரவிலே போய்விடும். ஆதலின், பிரதி பலவாதலும் காவல் பலர் கையில் இருத்தலும் வேண்டும்.

இக்காவலைக் கணினி வழியாகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் சாதாரண அன்பர்களே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலே, பல நாடுகளில் வாழும் தமிழர் தம் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினர். 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் முதலியவற்றைப் படம்பிடித்து எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்தது. அந்தியேட்டியன்று நாம் வழங்கும் ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு மலர்களும் அங்கே சேர்கின்றன. ஒரு குடும்பத்தின் வம்சாவளியும் ஓர் ஊரின் வரலாறும் வேறெங்கும் காணாதபடி அம்மலர்களில் ஒடுங்கியுள்ளன. அவற்றை வீட்டு அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவரும் இத்திருப்பணியில் பங்காளரே. பழைய படமொன்றிலே நிற்பவர் யார், பின்னால் தெரியும் மடம் எது என்று சொல்ல அவ்வூர் முதியவர் ஒருவரே வேண்டும். இயந்திரம் அதனைச் சொல்லாது.

விக்கிமூலம் என்னும் இணையத்தளம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அங்கே ஒருபுறம் பழைய நூற்பக்கத்தின் படம்; மறுபுறம் எழுத்துணரி என்னும் கருவி அப்படத்தைப் பார்த்துத் தந்த எழுத்து. இரண்டையும் ஒப்புநோக்கித் திருத்துவது வாசிப்பவர் கடன். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள். வேறொருவர் மீண்டும் பார்த்து உறுதிசெய்த பக்கம் பச்சை. திருத்தியவரே உறுதிசெய்தல் இயலாது. யார், எந்நாளில், எதனை மாற்றினார் என்ற குறிப்பும் அழியாது நிற்கும். பழைய பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பிலே தந்தனர். அச்சுக்கு முன் அடித்ததும் திருத்தியதும் அவர்தம் கைப்பிரதியோடு மறைந்தன. இங்கே ஒவ்வொரு மாற்றமும் கண்முன் நிற்கின்றது. ஏற்றதை வைத்துக்கொள்ளலாம், தவறியதை மீட்கலாம்.

இதனைக் கேட்ட பண்டித நண்பர் சிலர் தலையசைப்பதில்லை. “கண்டவரெல்லாம் கைவைத்தால் பாடம் கெடாதோ?” என்கின்றனர். அவர்கள் அச்சம் வீணன்று. பழம்பாட்டிலே ‘யாமை’ என்று வரும். பழந்தமிழ் பயிலாத இளைஞர் அதனை அச்சுப்பிழை என்று கருதி ‘ஆமை’ எனத் திருத்திவிடுவர். இரண்டாமவரும் அவ்வாறே கருதினால் பக்கம் பச்சையாகும், பாடம் பிழையாகும். பிழையை இருவர் ஒப்பினால் அது செம்மையாகிவிடாது.

ஓலைச்சுவடியிலோ இடர் இன்னும் பெரிது. அங்கே புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே கோடு. ஏட்டில் உள்ள ஓருருவைக் ‘கொல்’ என்றும் வாசிக்கலாம். ‘கோல்’ என்றும் வாசிக்கலாம். இரண்டும் நேரசையே ஆதலின் யாப்பும் கைகொடாது. முன்பின் நோக்கிப் பொருள் உணர்ந்தவனே துணியவேண்டும். ஏட்டைத் தெளிவாகப் படம்பிடித்துவிட்டால் ஏடு பிழைத்தது என்று எண்ணுகின்றோம். ஓலை பிழைத்தது, உண்மை. அதனை வாசிக்கும் வித்தை பிழைத்ததா? ஏடு வாசிக்க வல்லார் இன்று மிகச் சிலர். அவருள்ளும் பெரும்பாலார் முதியோர். அவர் போனபின் அப்படங்கள் பூட்டிய பெட்டகமாகவே கிடக்கும்.

ஆதலின், கண்டவர் கைவைக்கின்றனர் என்று கற்றவர் ஒதுங்கி நிற்பது முறையன்று. கற்றவர் ஒதுங்குவதனாலேயே பாடம் கெடுகின்றது என்பது என் துணிபு. கணினி அறிந்த இளைஞருக்கு இலக்கணம் தெரியாது. இலக்கணம் அறிந்த முதியவருக்குக் கணினி தெரியாது. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்தாலன்றி இப்பணி முற்றுப்பெறாது.

பிராசீன பாடசாலைகளிலும் கல்லூரித் தமிழ் வகுப்புக்களிலும் இதனைப் பயிற்சியாகவே வைக்கலாம். வகுப்புக்கு ஒரு நூல், மாணாக்கனுக்கு வாரம் இரண்டு பக்கம் என வகுத்தால் போதும். புணர்ச்சி விதியை மனனம் செய்து ஒப்பிப்பதினும், ஒரு பக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதில் அவ்விதி நன்கு பதியும். திருத்தியதை ஆசிரியர் இரண்டாமவராக இருந்து பார்ப்பாராக. ஏடு வாசிக்க வல்லார் அயலில் இருப்பின் அவர்பால் இரு மாணாக்கரை அனுப்புக. அவர் வாசிக்க ஒருவர் தட்டெழுதுக; வாசிக்கும் முறையை மற்றவர் குறித்துக்கொள்க.

ஒன்று மறவாதிருத்தல் வேண்டும். வீட்டாரின் ஏட்டையும் மலரையும் படத்தையும் அவர் உடன்பாடின்றி உலகின் முன் வைத்தல் அறமன்று. பொருளுடையவரைக் கேட்டு, அவர் சொல்லும் வரலாற்றையும் உடன் எழுதிக்கொள்க. ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே, தாமோதரம்பிள்ளையவர்கள் தனித்துச் சுமந்த பாரம் இன்று நம் எல்லார்க்கும் பகிர்ந்து கிடக்கின்றது. ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்வோம். வாசிக்க வல்லார் நம்மிடையே இருக்கும்பொழுதே எடுத்துக்கொள்வோம்.