பாட்டனார் இறங்கிய சுரங்கம்

பீன்யாவில் வாழும் நம்மவருட் சிலருக்குக் கோலார் தங்கவயலே பூர்வீகம். சென்ற ஞாயிறன்று, குழந்தைகளுடன் பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் சென்று இறங்கினோம்.

சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் முதலில் வந்தது இங்கேதான். பெங்களூர் நகரம் 1905 வரை காத்திருந்தது! எங்கள் பாட்டனார் இங்கே பாறை துளைத்தவர். அவர் இறங்கிய குழியைக் காட்டுமாறு இளைய மகன் கேட்டான். 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட சுரங்கமல்லவா? மதிலுக்கப்பால் தெரிந்த இரும்புக் கோபுரத்தைச் சுட்டிக்காட்டினோம். அப்பால் சாம்பல் நிறத்தில் சயனைடு மேடு. காற்றடித்தால் தூசி கண்ணை மறைக்கும்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாகாணத்துக் கீவனாத் தாமிரச் சுரங்கப் பகுதியை 1992இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கினர். அங்கே குவின்சி சுரங்கத்தினுள் பார்வையாளரை அழைத்துச் சென்று காட்டுகின்றனர். கார்ன்வால் நாட்டுத் தொழிலாளர் அங்கும் சென்றனர், இங்கும் வந்தனர். அவர்தம் உழைப்புக்கு அங்கே பூங்கா. நம்மவர் உழைப்புக்கு இங்கே பூட்டு.

மாலை வண்டியில் திரும்பினோம். சுரங்கம் மூடியபின், விடியுமுன் இதே தடத்தில் வண்டியேறிப் பெங்களூருக்குப் பிழைக்க வருவோர் ஆயிரக்கணக்கானோர். அவருட் சிலருக்குச் சீசன் டிக்கெட் வழங்குவது எங்கள் அலுவல்.