கடைப் பொடியனைச் சோதிக்க முன்னர் முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐஸ், ஹெரோயின் பற்றி ஜும்ஆ பிரசங்கங்களிலும் பாடசாலைக் கூட்டங்களிலும் நாம் நிறையப் பேசிவிட்டோம். ஆனால் நமது இளைஞர்கள் நாளின் பெரும் பகுதியைக் கழிப்பது கடையிலும் ஹோட்டலிலும் லொறியிலும்தான். அங்கு என்ன செய்வது என்பது பற்றி நம்மிடம் பேச்சே இல்லை. "பாமசியில கிட் வாங்கி நம்மட பொடியன்மாரச் செக் பண்ணினா என்ன?" என்று வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகூடத்தில் பணியாற்றுபவன் என்ற வகையில் எனது பதில் இதுதான்: ஊழியரின் சம்மதத்துடன் சோதிக்கலாம். ஆனால் அந்தக் கிட்டை மட்டும் நம்பி எவரையும் வேலையிலிருந்து நிறுத்தாதீர்கள்.

முதலில், கிட்டை வாசிப்பதிலேயே பிழை நேர்கிறது. கொவிட் கிட்டில் இரண்டு கோடுகள் தெரிந்தால் தொற்று இருக்கிறது என்று நாம் பழகிவிட்டோம். போதைப்பொருள் கிட் இதற்கு நேர்மாறானது. இரண்டு கோடுகள் என்றால் அந்தப் பொருள் அகப்படவில்லை. இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் முடிவு அதேதான். இது தெரியாத ஒருவர் சோதித்தால் குற்றமற்றவன் மாட்டிக்கொள்வான்.

இரண்டாவது, கிட் காட்டுவது ஆரம்பக்கட்டச் சந்தேகத்தை மட்டுமே. தடிமனுக்கு எடுக்கும் சூடோஎபெட்ரின் மாத்திரை, ஐஸ் வகைக்குரிய கிட்டில் பிழையான முடிவைத் தரக்கூடும். வைத்தியர் எழுதிக்கொடுத்த கொடீன் கலந்த வலி மாத்திரை, ஹெரோயின் வகைக்குரிய கிட்டில் அகப்படும். ஆகவே, கிட்டில் அகப்பட்டால் அதே மாதிரியை ஆய்வுகூடத்தில் ஜீசி-எம்எஸ் போன்ற உறுதிப்படுத்தும் முறையில் சோதிக்க வேண்டும். என்னென்ன மருந்து எடுத்தார் என்று வைத்தியர் ஒருவர் அவரிடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சிறுநீர்ப் பரிசோதனை கடந்த நாட்களைப் பற்றிச் சொல்லுமே தவிர, அந்த நேரத்தில் போதையில் இருக்கிறாரா என்று சொல்லாது. ஐஸும் ஹெரோயினும் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாட்களில் மறைந்துவிடும். தொடர்ந்து கஞ்சா பாவிப்பவரிடம் அது பல வாரங்கள் தெரியலாம். நம் ஊர்களில் பரவியிருக்கும் பிரிகபலின் மாத்திரையோ வழமையான ஐந்து வகைக் கிட்டில் அகப்படவே மாட்டாது.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? முடியாது. லொறி ஓட்டுபவரும் மரம் அறுக்கும் இயந்திரத்தில் நிற்பவரும் போதையில் இருந்தால் போவது அடுத்தவரின் உயிரும்தான். அமெரிக்காவில் 1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த ரயில் விபத்தில் 16 பேர் உயிரிழந்தனர். ஒரு ரயிலைச் செலுத்தியவர் கஞ்சா பாவித்திருந்தது பின்னர் தெரியவந்தது. போக்குவரத்து ஊழியர்களைச் சோதிக்கும் சட்டம் 1991இல் அங்கு வந்தது. ஆனால் அதே நாட்டின் 1988ஆம் ஆண்டு போதையற்ற தொழிலிடச் சட்டம் பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. எழுத்து மூலமான கொள்கையையும், ஊழியர்களுக்கான விழிப்புணர்வையுமே அது கேட்டது. சர்வதேச தொழில் தாபனத்தின் 1996ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதனை ஒரு சுகாதாரப் பிரச்சினையாகவே அணுகச் சொல்கிறது.

நம் கடைகளுக்கும் இது பொருந்தும். ஒரு பக்கத்தில் கொள்கையை எழுதுங்கள். எந்த வேலைக்குப் பரிசோதனை, எப்போது, யார் எடுப்பது, முடிவு யாருக்குத் தெரியும், அகப்பட்டால் அடுத்தது என்ன என்பவை அதில் இருக்கட்டும். வேலைக்குச் சேரும்போதே வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். முதலாளியின் மகனுக்கும் மெனேஜருக்கும் அதே விதி இருக்க வேண்டும். கவுன்டரில் எல்லோர் முன்னிலையிலும் சோதிக்காதீர்கள். சிறிய ஊரில் "அவன் ஐஸ்காரன்" என்ற ஒரு சொல் வீட்டுக்குப் போனால், தங்கையின் கல்யாணப் பேச்சு வரை அது தொடரும். பின்னர் முடிவு பிழை என்று தெரிந்தாலும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. சட்டமும் இருக்கிறது. நியாயமின்றி வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

உறுதியாக அகப்பட்டவரையும் உடனே தெருவில் விடாதீர்கள். வாகனத்திலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் அவரை விலக்குங்கள். சிகிச்சைக்கு லீவு கொடுங்கள். மீண்டும் வர ஒரு வாய்ப்பையும் வையுங்கள். வேலை போனால் கையில் மிஞ்சுவது வெறும் நேரமும் அந்தப் பழைய கூட்டாளிகளும்தான். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.

ஒவ்வொரு கடையும் தனித்தனியாக இதைச் செய்வது கடினம். ஊர் வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து, ஒரு வைத்தியரையும் ஒரு சட்டத்தரணியையும் வைத்து, எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு கொள்கையைத் தயாரிக்கலாம். கிட் வாங்கும் செலவுக்கு முன்னர் அந்த ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள்.