திரையில் விரியும் களங்கள் – 7: வலேரியாத் தீவின் தீர்ப்பு

சென்ற வாரம் சதுரங்கத்தையும் ஆடுபுலியாட்டத்தையும் பற்றி எழுதியபோது, அவ்விரண்டிலும் வெட்டுண்டு வீழும் காய்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை, ஆகையால் அவற்றை இழந்தவனுக்கு ஆட்டம் முடிந்த பின்னர் துயரமும் இல்லை என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். வீழ்கின்ற ஒவ்வொரு காய்க்கும் ஒரு பெயரையும் ஓர் இனத்தையும் ஒரு மனச்சாட்சியையும் அளித்து, தலைவனுடைய செய்கை பொறுக்க முடியாததாகிவிட்டால் அவனை விட்டு நீங்கிப் போகும் சுதந்திரத்தையும் அதற்குக் கொடுத்துவிட்டால் அந்த ஆட்டம் என்னவாகும் என்ற வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு கணினி விளையாட்டைப் பற்றியும், அதற்கு விமரிசகர்களும் ஆடியவர்களும் வழங்கிய வெவ்வேறு தீர்ப்புகளைப் பற்றியும் இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

'டாக்டிக்ஸ் ஓகர்' என்பது அதன் பெயர். அப்போது முப்பது வயதைக்கூட எட்டியிராத யசுமி மட்சுனோ என்பவர் இயக்க, குவெஸ்ட் என்னும் நிறுவனம் அதனை 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆம் திகதி ஜப்பானில் 'சூப்பர் ஃபாமிகோம்' என்ற விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. அந்த ஒக்ரோபர் மாதத்தை யாழ்ப்பாணத்து வாசகருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 17ஆம் திகதி 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, முதியவர்களையும் குழந்தைகளையும் சைக்கிள்களில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கான மக்கள் மழைக்குள்ளே நடந்தார்கள். மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு, எங்கோ ஒரு தேசத்துப் பிள்ளைகள் தொலைக்காட்சித் திரையில் ஒரு தீவின் இனப்போரை ஆடிக்கொண்டிருந்தார்கள் என்ற செய்தி எட்டியிருக்க நியாயமில்லை.

ஆம், அது ஒரு தீவின் இனப்போர்தான். வலேரியா என்னும் கற்பனைத் தீவுக்கூட்டத்தில் பாக்ரம், கால்கஸ்தான், வாலிஸ்டர் என்ற மூன்று இனத்தவர் வாழ்கின்றனர். அவர்களை ஒரு குடைக்கீழ் ஆண்ட டோர்கலுவா மன்னன் இறந்ததும் ஒற்றுமை குலைந்து, பெரும்பான்மையினரான கால்கஸ்தானியரும், உயர்குடி அதிகாரத்தைக் கைக்கொண்டிருந்த பாக்ரம் இனத்தவரும் தீவைப் பங்கிட்டுக்கொள்ள, சிறுபான்மையினரான வாலிஸ்டர் மக்கள் நடுவில் நசுங்குகிறார்கள். துறைமுக ஊராகிய கோலியாத்தில் தங்கள் வீட்டையும் தந்தையையும் இழந்த டெனம் என்ற இளைஞனும், அவனுடைய தமக்கை காட்யுவாவும், தோழன் வைஸும் வாலிஸ்டர் கோமகனாகிய ரொன்வேயின் படையில் சேருவதிலிருந்து கதை நகர்கிறது. மாயவித்தை, பறவைச் சிறகுடைய வீரர்கள், நாகங்கள் ஆகிய அற்புதங்களுக்கு இங்கே குறைவில்லை எனினும், யூகோசுலாவியா சிதைந்தபோது நிகழ்ந்த போர்களே தமது சிந்தனையைத் தூண்டியவை என்று மட்சுனோ சொல்லியிருக்கிறார். விளையாட்டு வெளிவருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஆட்டத்தின் அமைப்பையும் சிறிது சொல்ல வேண்டும். கட்டங்களாகப் பகுக்கப்பட்ட களம் சாய்கோணத்தில் திரையில் தெரிகிறது. மேடு, பள்ளம், கூரை, நீர்நிலை யாவற்றுக்கும் பலன் உண்டு. மேட்டில் நிற்கும் வில்லாளியின் அம்பு தூரம் செல்லும். பள்ளத்தில் நிற்பவனுடைய அம்பு சுவரில் மோதி வீழும். சதுரங்கத்தைப்போல ஒரு தரப்பு ஆடி முடிய மறுதரப்பு ஆடுவதென்ற சம்பிரதாயம் இதில் இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் அவனவன் சுறுசுறுப்பையும் அவன் சுமந்திருக்கும் கவசத்தின் பாரத்தையும் பொறுத்துத் தனித்தனியே முறை வருகிறது. வீழ்ந்தவனை உரிய காலத்துக்குள் மீட்காவிட்டால் அவன் அந்தக் கதையில் மறுபடி இல்லை. ஒவ்வொருவனுக்கும் விசுவாசம் என்ற ஓர் அளவு உண்டு; தன் இனத்தவரைத் தலைவன் மிகுதியாகக் கொன்று குவிக்கின்றான் என்று கண்டால் அந்த விசுவாசம் தேய்ந்து, ஒருநாள் அவன் படையை விட்டே போய்விடுவான்.

இந்த விளையாட்டின் இதயமாக விளங்கும் காட்சி முதலாம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது. கால்கஸ்தானியர் வாலிஸ்டர் மக்களை அடைத்து வைத்து வேலை வாங்கும் பல்மமுசா என்ற சுரங்க ஊருக்கு, அம்மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும்படி டெனம் அனுப்பப்படுகிறான். அவர்களோ போராட மறுக்கிறார்கள். களைத்துப்போன மனிதர்கள் அவர்கள். அப்பொழுது கோமகனின் நம்பிக்கைக்குரிய தளபதி லியோனார் அங்கே வந்து, இந்த ஊரவர் அனைவரையும் நாமே கொன்றுவிட்டுப் பழியைக் கால்கஸ்தானியர்மீது போடுவோம், அந்தச் செய்தி கேட்டுச் சிதறிக் கிடக்கும் நம் இனம் முழுவதும் ஒன்றுதிரளும் என்று, குரலை உயர்த்தாமல், ஒரு கணக்கு வாத்தியார் கணக்கை விளக்குவதுபோல எடுத்துரைக்கிறான். திரையில் இரண்டு விடைகள் தோன்றுகின்றன. ஆடுகின்றவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தேயாக வேண்டும்.

இசைந்தால் டெனம் கோமகனின் அன்புக்குரியவனாகிறான்; தோழன் வைஸ் அருவருத்து விலகி அவனைக் குற்றஞ்சாட்டும் எதிரியாகிறான். மறுத்தால் அதே வைஸ் அந்தக் கொலையை முன்னின்று செய்கிறான். பழியோ மறுத்தவனாகிய டெனத்தின் தலையில் விழ, அவன் சொந்த இனத்தவராலேயே தேடப்படும் துரோகியாகிறான். எந்த விடையைச் சொன்னாலும் பல்மமுசா எரிகிறது. வென்றால் நல்லவன், தோற்றால் கெட்டவன் என்று பழகிப்போன ஓர் ஊடகத்தில், அதுவும் சிறுவர்க்குரியதென்று எல்லோரும் எண்ணியிருந்த காலத்தில், இப்படியொரு தர்மசங்கடத்தை நிறுத்தியது அசாதாரணமான துணிவென்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானிய ரசிகர்கள் அந்தத் துணிவை மறக்கவில்லை. அங்கே விளையாட்டுகளுக்கென வெளிவரும் 'ஃபாமிட்சு' வார இதழ் 2006இல் வாசகர்களிடையே எல்லாக் காலத்துக்கும் உரிய சிறந்த விளையாட்டுகள் எவையென்று வாக்கெடுப்பு நடத்தியபோது, பதினொரு ஆண்டுகள் பழமையான இவ்விளையாட்டு ஏழாம் இடத்தைப் பெற்றது.

மேற்கில் அதன் விதி வேறாக இருந்தது. மட்சுனோவும் அவருடைய சகாக்கள் சிலரும் குவெஸ்டை விட்டு ஸ்குவெயார் நிறுவனத்துக்குச் சென்று ஆக்கிய 'ஃபைனல் ஃபாண்டஸி டாக்டிக்ஸ்', முப்பரிமாணக் களங்களோடும் பெரிய நிறுவனமொன்றின் விளம்பர பலத்தோடும் 1998 ஜனவரியில் அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. மூத்ததாகிய 'டாக்டிக்ஸ் ஓகர்' அதற்குச் சில மாதங்கள் கழித்தே பிளேஸ்டேஷன் கருவிக்காக அங்கே போய்ச் சேர்ந்தது. தம்பியைக் கண்ட கண்ணால் அண்ணனைப் பார்த்த விமரிசகர்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முந்திய தட்டையான சித்திரங்களும் மெதுவாக நகரும் போர்களும் பழமையாகத் தோன்றின. கதையின் கனத்தை மெச்சியவர்களும் அவர்களிடையே உண்டு. ஆயினும் அக்காலத்து மதிப்புரை என்பது சித்திரம், இசை, ஆட்டச் சுவை என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் புள்ளியிடும் முறையாக இருந்தபடியால், பல்மமுசாவில் நிற்கும் ஆட்டக்காரனின் மனக்கலக்கத்துக்குப் புள்ளியிட அதில் ஓர் இடம் இருக்கவில்லை.

அந்தக் குறையை நிவிர்த்தி செய்தது பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மறுவாக்கம். மட்சுனோ திரும்பி வந்து பங்குகொள்ள, கைக்கருவியாகிய பீ.எஸ்.பீ.க்கென 2010 நவம்பரில் ஜப்பானிலும் 2011 பெப்ரவரியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது வெளியாயிற்று. பழைய சாயல் கொண்ட அதன் ஆங்கில நடையையும் கதையின் அரசியல் முதிர்ச்சியையும் விமரிசகர்கள் இம்முறை மனந்திறந்து புகழ்ந்தார்கள். ஆடியவர்களின் முறைப்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. தேர்ச்சி நிலை ஒவ்வொரு வீரனுக்கும் உரியதாயிராமல் அவன் வகிக்கும் போர்த்தொழிலுக்கு உரியதாக மாற்றப்பட்டிருந்ததனால், புதிதாக ஒரு தொழிலைக் கற்க விரும்பியவர் எல்லாவற்றையும் முதலாம் நிலையிலிருந்து தொடங்கி, அலுப்பூட்டும் சிறு சண்டைகளில் மணிக்கணக்காக உழைக்க வேண்டியிருந்தது. இது நியாயமான முறைப்பாடு. ஒரு படைப்பின் கருத்து எவ்வளவு உயர்ந்ததாயினும், அதைத் தினந்தோறும் கையாளுகின்றவனின் பொறுமையை வீணாக்கும் உரிமை படைப்பாளிக்கு இல்லை.

இன்னொரு விவாதமும் எழுந்தது. அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 'தேர்' என்ற சீட்டைப் பயன்படுத்திப் போரின் நடுவிலே ஐம்பது முறைகள் வரை பின்னோக்கிச் சென்று தவறைத் திருத்திக்கொள்ளலாம் என்றும், 'உலகம்' என்ற சீட்டினால் கதையை முடித்தவர் பழைய தீர்மானத் தருணங்களுக்குத் திரும்பி மற்ற வழியையும் நடந்து பார்க்கலாம் என்றும் மறுவாக்கத்தில் விதி வகுத்திருந்தார்கள். பழைய ரசிகர் சிலர், மீளமுடியாமை நீங்கிவிட்டால் மரணத்தின் பாரமும் நீங்கிவிடும் என்று வாதித்தார்கள். முதலாவது சீட்டைப் பொறுத்தவரை அவர்கள் பக்கமே எனக்கு நியாயம் தெரிகிறது. இரண்டாவதைப் பற்றி என் அபிப்பிராயம் நேர்மாறானது. இசைந்து நடந்தவனை மறுத்தவனுடைய பாதையிலும், மறுத்தவனை இசைந்தவனுடைய பாதையிலும் அது நடத்திச் செல்கிறது. முதல் ஆட்டத்தில் துரோகியென்று தான் வெறுத்த தோழன் எந்த நிர்ப்பந்தத்தினால் அப்படியானான் என்பதை இரண்டாம் ஆட்டத்தில் ஆடுகின்றவரே அனுபவித்து உணருகிறார். துரோகி, தியாகி என்ற இரண்டு சொற்களுக்குள் மனிதர்களை அடைத்துப் பழகிய எந்தச் சமூகத்துக்கும் இந்தப் பயிற்சி வேண்டியதே.

2022 நவம்பர் 11ஆம் திகதி 'டாக்டிக்ஸ் ஓகர்: ரீபோர்ன்' என்ற பெயரில் மூன்றாவது உருவம் வந்தது. தேர்ச்சி நிலை மறுபடி தனிவீரனுக்கே உரியதாயிற்று. பாத்திரங்கள் வாய்திறந்து பேசலாயின. எனினும் படையின் தேர்ச்சிக்கு அவ்வப்போது உச்சவரம்பு விதித்ததையும், களத்தில் ஆங்காங்கே வலிமைச் சீட்டுகள் தோன்றுவதையும் ஆடியவர்கள் பலர் கண்டித்தார்கள். முன்னையதனால் போட்டியின் கடுமை காக்கப்படுகிறதென்று ஒரு சாராரும், திட்டமிட்டு உழைப்பவனின் கை கட்டப்படுகிறதென்று மறுசாராரும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த உருவம் கணினியிலும் கிடைத்ததனால் யாழ்ப்பாணத்திலும் ஆட முடிந்தது. கொண்டாவிலில் இருக்கும் என் மருமகன், போர் முடிந்தபின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன், இரு வழிகளையும் ஆடிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாமா, ஓமெண்டு சொன்னாலும் சனம் சாகுது, மாட்டனெண்டாலும் சனம் சாகுது. பிறகேன் எங்களைக் கேக்கிறாங்கள்?"

"நீ ஆராய் இருக்கப் போறாய் எண்டதைத்தான் தம்பி கேக்கிறாங்கள்" என்றேன். அவன் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 1995இல் பாலத்தைக் கடந்தபோது அம்மம்மா என்ன கொண்டுபோனா என்று விசாரித்தான். அந்த வீட்டில் அதுவரை அவன் கேட்டிராத கேள்வி அது.

வலேரியா எங்கள் வரலாற்றின் பிரதிமை என்று நான் சொல்ல வரவில்லை. அதை ஆக்கியவர்கள் எங்களை நினைத்து ஆக்கவில்லை. உண்மையான துயரத்தை ஒரு கற்பனைத் தீவோடு ஒப்பிட்டு இலேசாக்குவதும் தகாது. நான் சொல்ல வருவது இதுதான்: போரைப் பற்றிய ஒரு படைப்புக்குச் சித்திரத்தின் நேர்த்தியையும் விதிகளின் நுட்பத்தையும் அளந்து தீர்ப்பளிக்க உலகெங்கும் ஆட்கள் உண்டு, அது போரைப் பற்றி உண்மை சொல்கிறதா என்று தீர்ப்பளிக்கப் போரை அறிந்த மக்கள் முன்வர வேண்டும். அந்த நீதிமன்றத்தில் எங்கள் ஆசனம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

தமிழருக்கு இத்துறை அந்நியமானதென்று இனி யாரும் சொல்ல முடியாது. ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே களமாகக் கொண்டு, அடுத்த ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் பெற்றது. அதிலும் விமரிசகர்கள் கருப்பொருளைக் கொண்டாட, ஆடியவர்கள் பலர் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறதே என்று குறைப்பட்டார்கள். இரு தரப்பாரின் அளவுகோல்களும் வேறுபடுவது இயல்பு. இரண்டையும் கேட்டு நடுவில் நின்று எடைபோடும் விமரிசனமே தமிழில் இல்லாத பொருள்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பமானபோது அதன் முதற்றலைவராக விளங்கிய க. கைலாசபதி, சங்ககால வீரயுகக் கவிதையை உலக வீரகாவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். போரும் புகழும் மரணமும் பாடப்பட்ட விதத்தைச் சமூகக் கண்கொண்டு ஆராயும் அந்த மரபு இந்த மண்ணுக்கு உரியது. இன்று எங்கள் பிள்ளைகளின் வீரயுகக் கதைகள் திரையில் ஆடப்படுகின்றன. ஆகவே ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவரையும் நான் வேண்டிக்கொள்வது, இவற்றை நேரங்கொல்லும் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல், ஒரு நாவலை வாசிப்பதுபோல ஆடிப் பாருங்கள். கண்டதைத் தமிழில் எழுதுங்கள். பெற்றோருக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது: பிள்ளை பல்மமுசாவில் நிற்கும்போது பக்கத்தில் போய் இருங்கள்.

(தொடரும்)